மஞ்சளில் விழுந்த தெரு

ஒரு தெருவே ஒன்றாகச் சேர்ந்து, எங்களிடம் கடையே இல்லை என்று சர்க்கார் ஆட்களிடம் சாதித்த கதை இது. போடியில் நடந்தது. சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. பின்னால் அதற்கு இடம் இருக்காது.

மலைமேல் போடிமெட்டிலிருந்து இறங்குகிற ஜீப்புகள் எங்கள் தெரு முனையில்தான் ஆட்களை இறக்கிவிடும். அதனால் அதற்கு ஜீப்புத் தெரு என்றே பெயர் நின்றுவிட்டது. நகராட்சி வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு, அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஏலத்தோட்டத்துச் சனம் சந்தை நாளில் இறங்கினால் முதலில் கால் வைப்பது எங்கள் தெருவில். மூட்டை முடிச்சோடு திரும்ப ஏறுவதும் அங்கேயிருந்துதான். இடைப்பட்ட பொழுதில் அவர்களுக்கு என்னென்ன தேவையோ அத்தனையும் அந்தத் தெருவில் இருந்தது. முடி வெட்ட அமாவாசையின் நாற்காலி, கிழிசலைத் தைக்க ஒரு தையல்காரர், சுடச்சுட டீக்கும் பணியாரத்துக்கும் மலைச்சாமி. எல்லாம் வீட்டு முன்னறைகள்தான். பின்னால் அடுப்பு எரியும், முன்னால் வியாபாரம் நடக்கும். நகராட்சிக் கணக்கில் அவை வீடுகள். எல்லோரும் வீட்டு வரிதான் கட்டிவந்தார்கள்.

அந்த வரிசையில் ஒரு முன்னறை பொன்னுமணியுடையது. அவள் புருசன் சோலைமலை, ஏலத்தோட்டத்தில் மரம் சாய்ந்து செத்துப்போனான். கைப்பிள்ளை ஜக்கம்மாளைத் தூக்கிக்கொண்டு மலையைவிட்டு இறங்கியவள், இனி இந்தப் பிள்ளை ஏலச்செடிக்குள் கால் வைக்காது என்று சொல்லித்தான் அந்த வாடகை வீட்டில் குடிவந்தாள். மலையில் கிடந்து வந்தவள் என்பதால், மலைக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கம்பளி விற்றாள். மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணி விற்றாள். எல்லாவற்றையும்விட அட்டைக் கிழி விற்றாள். உப்பு, சுண்ணாம்பு, புகையிலைத் தூள் மூன்றையும் கலந்து பழந்துணியில் பொட்டலமாகக் கட்டியதுதான் அட்டைக் கிழி. தண்ணீரில் நனைத்துக் காலில் கட்டிக்கொண்டால் அட்டை ஏறாது; கடித்துத் தொங்குகிற அட்டையின் மேல் ஒற்றினாலும் சுருண்டு விழுந்துவிடும். மழைக்காலத்தில் அது இல்லாமல் ஏலக்காட்டுக்குள் போனால், சாயங்காலம் காலெல்லாம் ரத்தமாக வரவேண்டியதுதான். அந்தக் கடையால்தான் வாடகையும் சாப்பாடும் ஜக்கம்மாளின் பள்ளிக்கூடமும் நடந்தன. கடை இல்லையென்றால் அவளுக்கு மலைதான்.

எழுபத்தொன்பதாம் வருசம். மதுரையிலிருந்து ஆட்கள் வந்து தெருத்தெருவாக வீடு வீடாகப் பார்த்து எழுதுகிறார்கள் என்று சேதி வந்தது. டீக்கடை மலைச்சாமி எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். தெருவில் ஒரு சண்டை என்றாலும் கல்யாணம் என்றாலும் முன்னால் நிற்கிற ஆள் அவர்தான்.

"பக்கத்துத் தெருவுல டேப்பு பிடிச்சு அளந்தாங்களே, என்னாச்சு? வீட்டு வரி கடை வரியாச்சு. இப்ப அந்தத் தெருக்காரன் சம்பாரிக்கிறதே வரி கட்டத்தான். நம்ம தெருவுக்கும் டேப்பு வருது."

"அப்ப என்னண்ணே செய்ய?" என்றான் அமாவாசை.

"ஒண்ணும் செய்ய வேணாம். நாளைக்கு ஒருநா கடை எதுவும் இருக்கக் கூடாது. எல்லாரும் குடும்பமா இருங்க. அம்புட்டுத்தான்."

"எனக்குத்தான் குடும்பமே இல்லையேண்ணே."

"அப்ப படுத்துத் தூங்கு. ஆனா ஒருத்தரு கடைன்னு சொன்னாலும் தெருவே மாட்டிக்கிரும். பாத்துக்கங்க."

கடைசியாகச் சொன்னதைப் பொன்னுமணியைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் எங்கள் தெரு இருந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிகிறதற்கு முன்னாலேயே வாசலுக்கு வாசல் கோலம். தைப்பூசத்துக்குக்கூட அப்படிப் போட்டதில்லை. தையல் மிசினுக்கு மேலே புடவையைப் போர்த்தி, அதன்மேல் முருகன் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். அமாவாசை நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, முடிவெட்டுகிற நாற்காலியிலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினான். மலைச்சாமியின் பெஞ்சுகள் கொல்லைக்குப் போயின. டீ பாய்லர் வெந்நீர் அண்டா ஆகிவிட்டது. அறிவு கெட்ட சேவல் ஒன்றுதான் வழக்கம்போலக் கடைவாசலில் நின்று, யாராவது பணியாரம் பிட்டுப் போடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேரும் இளவயதுப் பிள்ளைகள். வெயிலில் அலைந்து முகம் வாடியிருந்தது. ஒருவன் கேட்டு எழுதினான், இன்னொருவன் சிவப்புப் பெயிண்டால் சுவரில் எழுத்துப் போட்டான். வீடு என்றால் 'வீ', கடை என்றால் 'க'.

மலைச்சாமி வீட்டு முன்னால் வந்தபோது எழுதுகிறவன் கேட்டான்: "இந்தத் தெருவுல ஒரு டீ கெடைக்குமாங்க?"

"டீயா? அதுக்குப் பெரிய கடைவீதிக்குப் போகணும் தம்பி. இங்க எல்லாம் குடும்பங்க" என்றார் மலைச்சாமி. சொன்ன பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. "இருங்க, வீட்டு டீ கொண்டாரச் சொல்றேன்."

அந்தப் பையன் குடித்துவிட்டு, "கடை டீ மாதிரியே இருக்குங்க" என்றான்.

"என் பொஞ்சாதி கை அப்பிடி" என்றார் இவர். நாற்காலியில் தூங்கிய அமாவாசையின் துண்டு குலுங்கியது.

அடுத்தது பொன்னுமணி வீடு. அவள் எதையும் ஒளிக்க இடமில்லாமல் கம்பளிகளை மூலையில் அடுக்கிப் பாய் போட்டு மூடியிருந்தாள். பாய் சரிந்துகிடந்தது.

"இவ்வளவு கம்பளி எதுக்கும்மா?"

"குளிருதுல்ல தம்பி."

"வீட்டுல எத்தனை பேரு?"

"நானும் என் மகளும்."

அவன் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்: "அம்மா, இது வரிக்காக எழுதறது இல்ல. ஊருக்கு ஒரு பிளான் போடப்போறாங்க. எங்க கடை, எங்க ஆபீசு, எங்க வீடுன்னு பிரிச்சு. கடை இருந்தா கடைன்னு சொல்லிருங்க. பின்னால உங்களுக்குத்தான் நல்லது."

பொன்னுமணிக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. எதிரே மலைச்சாமி தோளில் துண்டோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் அமாவாசை துண்டை விலக்கிப் பார்த்தான். தையல்காரர் பெண்டாட்டி, முருகன் படத்துக்கு ஏற்றிய விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இவள் கடை என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் பொய்யர்கள்.

"வீடுதான் தம்பி" என்றாள்.

மற்றவன் 'வீ' போட்டான். பெயிண்டு ஒழுகிச் சுவரில் கோடாக இறங்கியது.

அன்று சாயங்காலம் தெருவே கூடிச் சிரித்தது. மலைச்சாமி எல்லோருக்கும் டீ கொடுத்தார். மறுநாள் பெஞ்சு வெளியே வந்தது, முருகன் சுவருக்குப் போனார், அமாவாசை கத்தரியைச் சாணை பிடித்தான். வரி ஏறவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சில வருசம் கழிந்தது. ஜக்கம்மாள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒருநாள் ஜீப்பு ஓட்டுகிற தவசி, பொன்னுமணிக்குச் சித்தப்பா மகன், வண்டியை நிறுத்திவிட்டு நேரே அவளிடம் வந்தான்.

"அக்கா, முனிசிபாலிட்டிச் சுவத்துல ஊரையே படமா வரைஞ்சு ஒட்டிருக்கான். நம்ம தெரு மஞ்சளா இருக்கு."

"நல்லதுதானடா. மங்களமா இருக்கட்டும்."

"நீ வந்து பாரு."

தெருவே போய்ப் பார்த்தது. படத்தில் பெரிய கடைவீதி நீலமாக இருந்தது. ஆபீசுகள் சிவப்பு. எங்கள் தெரு முழுக்க, ஒரு இடம் விடாமல், மஞ்சள். நகராட்சியில் எழுத்தராக இருந்த வெள்ளைத்துரை உள்ளூர்ப் பிள்ளை. அவனைப் பிடித்துக் கேட்டார்கள்.

"நீலம் கடை. மஞ்சள் வீடு. இனிமே மஞ்சள்ல கடை நடத்தக் கூடாது."

"முன்னாடியே இருந்த கடைன்னா?" என்றாள் பொன்னுமணி.

"முன்னாடியே இருந்ததுன்னா இருந்துட்டுப் போகலாம். அதுக்கு விதி இருக்கு. ஆனா ஒங்க தெருவுலதான் கடையே இல்லையே மதினி. சர்வேயில அப்பிடித்தான இருக்கு."

அமாவாசைதான் மெல்லக் கேட்டான்: "அப்ப நான் தூங்குனதும் அதுல இருக்கா?"

அப்போதுகூடச் சிலர் சிரித்தார்கள். அதுதான் கடைசி.

ஆட்சேபம் சொல்கிறவர்கள் விசாரணைக்கு வரலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. தெருவோடு போய்ச் சொல்வோம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் பேச்சு நாளுக்கு நாள் இளைத்தது. நீலத்தில் கோட்டைச்சாமி என்பவர் புதிதாக ஒரு கட்டடம் கட்டி, இரும்பு சட்டர் போட்ட கடைகளை வாடகைக்கு விட்டார். மலைச்சாமி அதில் ஒன்றைப் பிடித்துவிட்டார். அமாவாசை நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டான். தையல்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தைத்தார். மிசின் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. பொன்னுமணிக்குப் போக இடமில்லை. கோட்டைச்சாமி கேட்ட முன்பணத்துக்கு அவள் கடையோடு அவளையும் விற்க வேண்டும். பணம் இருந்தாலும், ஜீப்பு நிற்பது இங்கே. கம்பளிக்காகவும் அட்டைக் கிழிக்காகவும் எந்த மலைக்காரியும் மூட்டையைச் சுமந்துகொண்டு ஊருக்கு நடுவில் போய்த் தேடமாட்டாள்.

அவள் மலைச்சாமியின் புதுக்கடைக்குப் போனாள்.

"மாமா, விசாரணைக்கு நான் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தத் தெருவுல கடை இருந்துச்சுன்னு."

"வராம இருப்பனா ஆத்தா? வர்றேன், போ" என்றார்.

மலையிலிருந்து சந்திரவல்லியும் இன்னும் சில பெண்களும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இறங்கினார்கள். சந்திரவல்லி பொன்னுமணிக்குப் பழைய கூட்டாளி, தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தவர்கள். ஜீப்பிலிருந்து இறங்கியவுடன், "கொஞ்சம் வெள்ளம் குடு மதினி. ஆபீசரு கூடப் பேசத் தொண்டை வேணும்" என்றாள். மலையாளத்து மேஸ்திரியிடம் வேலை பார்த்துப் பார்த்துத் தண்ணீர் அவள் வாயில் வெள்ளமாகிவிட்டது.

விசாரித்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து ஆட்களைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். பொன்னுமணியை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சர்வே அன்னைக்கு வீடுன்னு சொன்னது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"கடை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வரிக்குப் பயந்துதான்."

"யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

பொன்னுமணி திரும்பிப் பார்த்தாள். மலைச்சாமி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். சொன்னபடி வந்திருந்தார். அந்த மட்டுக்கு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வந்த மனுசரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் சொன்னேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இங்க பாருங்கம்மா. அன்னைக்கு ஊர்ல சொன்னதை வச்சுத்தான் பிளானே போட்டிருக்கு. இப்ப நீங்க மட்டும் மாத்திச் சொன்னா எடுக்க முடியாது. அன்னைக்கே அங்க கடை இருந்துச்சுன்னு வேற ஆளு சொல்லணும்."

"நாங்க சொல்றோமுங்க" என்று சந்திரவல்லி முன்னால் வந்தாள். "அங்க கம்பளி வாங்காத கழுத்து எங்க தோட்டத்துல கெடையாது."

"நீங்க எந்த வார்டும்மா?"

"வார்டுன்னா?"

"எங்க குடியிருக்கீங்க?"

"மேல. தோட்டத்து லயத்துல."

"அது கேரளாவாச்சே."

"இருக்கட்டுமே. எங்க சம்பளமெல்லாம் இங்கதான வந்து எறங்குது."

"அது சரிம்மா. ஆனா இது இந்த ஊருக்குப் போட்ட பிளான். இந்த ஊர்ல இருக்கறவங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும். யாராச்சும் வந்திருக்காங்களா?"

"மாமா, சொல்லுங்க" என்றாள் பொன்னுமணி.

மலைச்சாமி உள்ளே வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதிகாரி அவர் பெயரையும் தொழிலையும் கேட்டார். பெயரைச் சொன்னவர், தொழிலைச் சொல்ல வந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்திலேயே காரியம் கெட்டுவிட்டது, கண்ணுகளா. அவள் கடை இருந்தது என்றால் அவர் கடையும் இருந்தது. இருந்தது என்றால் இத்தனை வருசம் எந்த வரி கட்டினாய் என்ற கேள்வி வரும்.

"அந்தப் பிள்ளை வீட்டுல கம்பளி கெடந்துச்சுங்க. தோட்டத்துச் சனம் வரும், போகும். சொந்தபந்தமா இருக்கும்னு நான் நெனச்சேன். கடைன்னு... அப்பிடிச் சொல்ல முடியாதுங்க."

சந்திரவல்லி இடுப்பில் கையை வைத்தாள். "உம்ம டீயைக் குடிச்சுக் குடிச்சுத்தான் என் பல்லு கறுத்துச்சு. அதுவும் சொந்தபந்தத்து டீதானா?"

எழுதிக்கொண்டிருந்த வெள்ளைத்துரை தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். அதிகாரி அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் மலைச்சாமி அவள் பின்னாலேயே வந்தார்.

"ஆத்தா, பழசையெல்லாம் தோண்டுவாங்க. எனக்கும் கட்டிக்குடுக்க வேண்டிய பிள்ளைக இருக்கு."

"நீங்க சொல்லித்தான் சொன்னேன்னு நான் சொல்லலியே மாமா."

அதற்குமேல் அவள் அவரோடு பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும்.

சீக்கிரமே நோட்டீசு வந்தது. குடியிருப்புப் பகுதியில் அனுமதி இல்லாமல் கடை நடத்துவதாகவும், உடனே நிறுத்த வேண்டும் என்றும் இருந்தது. ஜக்கம்மாள்தான் வாசித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைத்து விற்கலாம் என்று தையல்காரர் பெண்டாட்டி யோசனை சொன்னாள். பொன்னுமணி கொஞ்ச நாள் அப்படியும் பார்த்தாள். மிசினுக்குத் துணி தேடி வரும். சாத்திய கதவைப் பார்த்தால் மலைச்சனம் கடை இல்லை என்று போய்விடும். பழகின பெண்கள் மட்டும் தட்டினார்கள். தட்டுகிற ஒவ்வொரு தடவையும் நகராட்சி ஆள்தானோ என்று ஜக்கம்மாள் பயந்து கம்பளிமேல் பாயை இழுத்து மூடினாள். மகள் அப்படி மூடுவதைப் பார்த்த அன்றுதான் பொன்னுமணி முடிவு செய்தாள்.

மிச்சக் கம்பளியை மொத்தக் கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொண்டார். அட்டைக் கிழியை யார் எடுப்பார்கள்? கூடை நிறையக் கிடந்தது. சந்தை நாளில் கதவை விரியத் திறந்து வைத்து, கூடையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஜீப்புகள் வர வர, இறங்கின பெண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கையில் திணித்தாள்.

"காசு வேணாம்டி. வித்தாத்தான் குத்தம். வீட்டுக்கு வந்தவளுக்குக் குடுத்தா குத்தமில்ல."

ஒருத்தி வாங்க மாட்டேன் என்று அழுதாள். இன்னொருத்தி, "அடுத்த மழைக்கு எங்க போயி வாங்க?" என்றாள். "பாத்துப் பாத்துக் கட்டிக்க. உப்பு ரெண்டு பங்கு போடு" என்றாள் பொன்னுமணி.

கூடையில் கடைசியாக இரண்டு கிழி இருந்தபோது கையை நிறுத்திவிட்டாள். அவற்றை மடியில் முடிந்துகொண்டாள்.

தவசி ஜீப்பின் பின்னால் பாத்திரமும் படுக்கையும் ஏறின. சந்திரவல்லி இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். லயத்தில் பக்கத்து அறை காலியாக இருக்கிறது என்று மேஸ்திரியிடம் பேசி வைத்தது அவள்தான். ஜக்கம்மாள் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் உண்டு, ஆனால் மலையாளத்தில்.

வண்டி கிளம்புகிறபோது பொன்னுமணி பூட்டிய வீட்டைப் பார்த்தாள். சுவரில் அந்தச் சிவப்பு 'வீ' மங்கிப்போனாலும் படிக்கிற மாதிரிதான் இருந்தது. அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. தெரு முனையில் இறங்கின சனம் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பொன்னுமணி மடியை அவிழ்த்து ஒரு கிழியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"இதை எங்கம்மா கட்டணும்?" என்றாள் ஜக்கம்மாள். இத்தனை வருசமாகக் கட்டிக் கட்டி விற்ற பிள்ளைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பொன்னுமணி குனிந்து, மகளின் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிவிட்டு, கட்டுகிற இடத்தைக் காட்டினாள்.